தாத்தா நிலம் சர்க்கார் கையில்: வாரிசுகள் கேட்டால் திரும்பக் கிடைக்குமா?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் அனுப்பிய கேள்வி இது. அவருடைய தாத்தாவுக்கு மூன்று துண்டு நிலம் இருந்தது. கடலூருக்கு அருகே இருந்த ஒரு காணியை 1984 வாக்கில் வீட்டுமனைத் திட்டத்துக்கென்று அரசு எடுத்தது. இன்றுவரை அங்கே ஒரு செங்கல் கூட வைக்கவில்லை, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் இருக்கும் இரண்டாவது துண்டில் இன்றும் குடும்பம்தான் பயிர் வைக்கிறது. ஆனால் இணையத்தில் பார்த்தால் "அனாதீனம்", அதாவது உரியவர் தெரியாத நிலம், என்று வருகிறது, பட்டா இல்லை. மூன்றாவது, பாட்டி வழியில் வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ப் பக்கம். அதில் ஒரு பகுதியில் நெடுநாள் முன்பே ரோடு போட்டுவிட்டார்கள், யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை, பணமும் தரவில்லை. வாரிசுகள் ஏழு பேர், ஒருவர் பிரான்சில். "முதல் துண்டுக்குத்தான் நம்பிக்கை இருக்கிறது, சும்மாதானே கிடக்கிறது. மற்ற இரண்டையும் விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

நான் சொல்வது நேர் எதிர். விடவேண்டியது என்று ஒன்று இருந்தால் அது முதல் துண்டுதான். இரண்டாவது கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மூன்றாவதில் மண் திரும்பாது, பணம் வரலாம்.

நிலம் இன்று எப்படிக் கிடக்கிறது என்பதை வைத்துச் சட்டம் முடிவு செய்வதில்லை. அது அரசு பெயருக்கு எந்தக் காகிதத்தின் வழியாகப் போனது என்பதைத்தான் பார்க்கிறது. முறையாக எடுத்து அவார்டு (இழப்பீட்டை முடிவு செய்யும் உத்தரவு) போட்டதா, கணக்கு எழுதியவர் தவறாக எழுதியதா, காகிதமே இல்லாமல் போனதா? இந்த மூன்றுக்கும் வழி வேறு வேறு. ஒன்றுக்கான மனுவை மற்றொன்றுக்குப் போட்டால் பத்து ஆண்டு ஓடிவிடும், மனு தள்ளுபடியாகும்.

முதல் துண்டை எடுத்துக்கொள்வோம். 1984 என்றால் 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். நிலம் எடுக்கப் போகிறோம் என்ற 4(1) அறிவிக்கை, பிறகு எடுப்பதை உறுதி செய்யும் 6ஆம் பிரிவு விளம்புகை, விசாரணை, அவார்டு, சுவாதீனம் எடுத்தல் (நிலத்தைக் கைக்கொள்ளுதல்) என்று படிப்படியாகப் போகும். அவார்டும் ஆகி சுவாதீனமும் எடுத்துவிட்டால், 16ஆம் பிரிவின்படி நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் அரசைச் சேர்ந்துவிடுகிறது. அதன் பிறகு பழைய உடைமையாளருக்கு நிலத்தின்மேல் எந்தப் பிடியும் இல்லை. எடுத்த காரியத்துக்குப் பயன்படுத்தவில்லை என்றால் வேறு பொதுக் காரியத்துக்குப் பயன்படுத்தலாம், இல்லையேல் பொது ஏலம் விடலாம், பழைய சொந்தக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய கட்டாயமில்லை என்று கேரளம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்து போன வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 1997இலும் 2004–05 வாக்கிலும் சொல்லிவிட்டது. கசப்பான சட்டம்தான். எனக்கும் இது நியாயமாகப் படவில்லை. ஊருக்கு வீடு கட்டப் போகிறேன் என்று வாங்கியவன் வீடு கட்டவில்லை என்றால் திருப்பிக் கொடுப்பதுதானே முறை? ஆனால் மனு எழுதும்போது நம் நியாயம் உதவாது, நீதிமன்றம் சொன்னதுதான் உதவும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு விதிவிலக்கு வந்தது. 1894 சட்டத்தில் நம் மாநிலம் மட்டும் 48-பி என்ற பிரிவைச் சேர்த்தது. எடுத்த காரியத்துக்கும் வேறெந்தப் பொதுக் காரியத்துக்கும் நிலம் தேவையில்லை என்று அரசு திருப்தி அடைந்தால், முன்பு பெற்ற இழப்பீட்டைத் திருப்பிச் செலுத்தத் தயாராக இருக்கும் மூல உடைமையாளருக்கு அதை மாற்றித் தரலாம் என்பது அதன் சாரம். அன்றைய சில ஆயிரம் ரூபாயைக் கட்டினால் இன்று லட்சங்களில் போகும் நிலம் கைக்கு வரும். கடலூர் கோர்ட் வாசலில் நின்றால் "48-பி" என்று ஒருவராவது காதில் ஓதுவார், காரணம் இதுதான்.

ஆனால் அந்தப் பிரிவைச் சொல் சொல்லாகப் படிக்கவேண்டும். "தரலாம்" என்றுதான் இருக்கிறது, "தரவேண்டும்" என்று இல்லை. "வேறெந்தப் பொதுக் காரியத்துக்கும்" என்ற வரியில் எல்லா மனுவும் சிக்கும்: வீட்டுமனைக்கு வேண்டாம், ஆனால் துணைமின் நிலையத்துக்கு வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தால் போதும், கதை முடிந்தது. இன்னொரு கண்ணி, நிலம் அரசின் கையிலேயே இருக்கவேண்டும் என்பது. வீட்டுவசதி வாரியம் போன்ற அமைப்புக்கு ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டிருந்தால் 48-பியைப் பயன்படுத்தி அரசால் திருப்பித் தர முடியாது என்று தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தின் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. உங்கள் காணி வீட்டுமனைத் திட்டத்துக்காக எடுத்தது என்கிறீர்கள். வாரியத்துக்கு ஒப்படைத்த ஆவணம் இருக்கிறதா என்பதுதான் நீங்கள் பார்க்கவேண்டிய முதல் விஷயம். இதற்கெல்லாம் மேலே, 1894 சட்டமே 2014 ஜனவரி 1 முதல் ரத்தாகிவிட்டது. இன்று புதிதாக 48-பியை மட்டும் நம்பிக் கிளம்புவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

"புதுச் சட்டத்தில் ஐந்து வருடம் சும்மா கிடந்தால் திரும்ப வரும் என்று இருக்கிறதே?" என்பது அடுத்த கேள்வியாக வரும். இருக்கிறது. பழையதற்குப் பதிலாக வந்த 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 101ஆம் பிரிவு. சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு பயன்படுத்தாத நிலம் மூல உடைமையாளருக்கோ அவர் வாரிசுகளுக்கோ திரும்பவேண்டும், அல்லது அரசின் நில வங்கிக்குப் போகவேண்டும் என்கிறது அது. "அல்லது" என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தப் பிரிவு அந்தச் சட்டத்தின்கீழ் எடுத்த நிலத்துக்குத்தான், 1984இல் எடுத்ததற்கு இல்லை. அது மட்டுமல்ல, தொழிற்பேட்டைக்கான நிலம், மாநில நெடுஞ்சாலை, ஆதிதிராவிடர் நலத் திட்டம் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து அந்த மூன்றையும் 2013 சட்டத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் அதைச் செல்லாது என்றது. உடனே சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது, 2021இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. ஆகையால் ஒருவர் 101 என்று சொன்னால், எந்தச் சட்டத்தில் நோட்டீஸ் வந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று அதே 2013 சட்டத்தின் 24(2). பழைய சட்டத்தில் அவார்டு போட்டு ஐந்து ஆண்டுக்கு மேலாகியும் சுவாதீனம் எடுக்கவில்லை அல்லது இழப்பீடு கொடுக்கவில்லை என்றால் நில எடுப்பு காலாவதி என்று அதில் இருந்தது. இதை வைத்து 2014 முதல் நிறையப் பேர் ஜெயித்தார்கள். 2020 மார்ச் 6 அன்று இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் கதவைக் கிட்டத்தட்ட மூடிவிட்டது. சுவாதீனமும் எடுக்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை என்ற இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் காலாவதி ஆகும். வருவாய்த் துறையினர் போய் சாட்சிகள் முன்னிலையில் மகஜர் (நடந்ததைக் குறிக்கும் பதிவு) எழுதியிருந்தாலே சுவாதீனம் எடுத்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகும் நீங்கள் உழுதுகொண்டிருந்தால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அத்துமீறி நிற்பவர்.

இந்த ஒரு வரி எவ்வளவு கொடியது என்று நம் மாவட்டம் 2023 ஜூலையில் பார்த்தது. நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் கதிர் வரும் பருவத்து நெல்லின்மேல் இயந்திரங்களை இறக்கினார்கள். எடுத்துப் பல ஆண்டுகள் ஆன நிலம் அது. சுரங்க நிறுவனமான என்.எல்.சி. உடனே இறங்காததால் உழவர்கள் தொடர்ந்து பயிர் வைத்துவந்தார்கள். அறுவடை வரை பொறுக்க முடியாதா என்று உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் கேட்டார், ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு கொடுக்கவும் உயர் நீதிமன்றம் சொன்னது. பயிருக்கு இழப்பீடு வந்ததே தவிர நிலம் வரவில்லை. 1956இல் நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து ஊர் ஊராக நிலம் கொடுத்த பகுதி அது. அங்கே பெரியவர்களிடம் பேசினால், திருப்பிக் கேட்பதைவிட இழப்பீட்டையும் வேலையையும் கேட்பதில்தான் ஆற்றல் செலவாயிருப்பது தெரியும். அனுபவம் கற்றுக்கொடுத்தது அது.

அப்படியென்றால் முதல் துண்டில் செய்ய ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அவார்டு நகலை வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டிய மனு போதும். 4(1) அறிவிக்கை வெளியான அரசிதழ், அவார்டு எண், சுவாதீனம் எடுத்த தேதி, எந்தத் துறைக்கு ஒப்படைத்தார்கள், இழப்பீட்டை யார் வாங்கினார்கள் என்று தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். 1993க்கு முன் கடலூர் மாவட்டம் என்று ஒன்று இல்லை, தென்னாற்காடுதான். பழைய காகிதங்களை அந்தப் பெயரில் தேடவேண்டும், வட்டத்தின் பெயரும் மாறியிருக்கலாம். அவார்டு வந்ததும், பணம் வாங்கியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தைப் பாருங்கள். உரிமைத் தகராறு இருந்தாலோ யாரும் வரவில்லை என்றாலோ 30, 31 ஆகிய பிரிவுகளின்படி பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிடுவார்கள். தாத்தா கோபத்தில் வாங்க மறுத்த தொகை சிவில் கோர்ட் கணக்கில் இன்னும் கிடக்கலாம். அதை வாரிசுகள் கேட்டு வாங்க முடியும். அவார்டே போடவில்லை, சுவாதீனமும் எடுக்கவில்லை என்று தெரிந்தால் மட்டும் உடனே நல்ல வக்கீலைப் பாருங்கள். அப்போது விஷயமே வேறு.

இனி இரண்டாவது துண்டு. இங்கேதான் நீங்கள் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள்.

தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்று ஒரு வேலை நடந்தது. நிலவுடைமைப் பதிவேடுகளை மேம்படுத்தும் திட்டம். கிராமம் கிராமமாகப் போய் யார் கையில் நிலம் இருக்கிறது என்று விசாரித்துக் கணக்கைப் புதுப்பித்தார்கள். அந்த நாளில் வீட்டில் ஆள் இல்லை, நெய்வேலிக்கு வேலைக்குப் போயிருந்தார், பெயரில் குழப்பம், அண்ணன் தம்பி சண்டை, இப்படி எதுவாக இருந்தாலும் எழுதுபவர் ஏதோ ஒன்றை எழுதிவிட்டு நகர்ந்தார். உரியவர் யாரென்று தெரியாத இடத்தில் "அனாதீனம்" என்றும், சில இடங்களில் "தரிசு", "புறம்போக்கு" என்றும் ஏறிவிட்டது. பிறகு அதுவே கணினிக்குப் போனது. இன்று இணையத்தில் கிராமத்தின் நிலக் கணக்கான அ-பதிவேட்டைப் பார்க்கிறவர் அரசு நிலம் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்.

இங்கே அரசு எதையும் எடுக்கவில்லை. அறிவிக்கை கிடையாது, அவார்டு கிடையாது, பணம் கொடுக்கவும் இல்லை. கணக்கில் ஒரு வரி மாறியது, அவ்வளவே. ஆகவே நீங்கள் கேட்பது நிலத்தைத் திருப்பிக் கொடு என்றல்ல, தவறாக எழுதியதைத் திருத்து என்று. மனுவில் "திரும்ப ஒப்படைக்க" என்ற சொல்லையே எழுதாதீர்கள். எழுதினால் அது அரசு நிலம் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும், உங்கள் மனுவை அரசு நிலத்தை ஒதுக்கித் தரக் கேட்கும் ஒப்படைக் கோரிக்கையாக மாற்றிக் கிடப்பில் போடவும் அது வழிசெய்யும்.

இதற்கு ஆதாரம், யு.டி.ஆருக்கு முந்தைய கணக்கு. பழைய செட்டில்மெண்ட் பதிவேடு, அதாவது எஸ்.எல்.ஆர். அல்லது ஆர்.எஸ்.ஆர்., உங்கள் பழைய சர்வே எண்ணுக்கு நேரே யார் பெயரைக் காட்டுகிறது என்று பார்க்கவேண்டும். கலெக்டர் ஆபீஸ் ஆவண அறையில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். அதில் "ரயத்துவாரி" (தனியார் பட்டா நிலம்) என்று தாத்தா பெயரோ, அவருக்கு விற்றவர் பெயரோ இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அத்துடன் பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் உள்ள ஒப்பீடு, புலப்படம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பழைய கிஸ்து (நிலவரி) ரசீது, கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர்ப் பதிவு. கிஸ்து ரசீதைப் பலர் கரையான் தின்ன விட்டுவிடுகிறார்கள். இந்த மாதிரி வழக்கில் அது பத்திரத்துக்கு அடுத்த பலம்.

அரசு நிலமாக ஏறியதைப் பட்டாவாகத் திருத்துவது தாசில்தார் கையில் முடியாது, மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) வரை போகும். தாசில்தார் ஆபீஸில் "எங்களால் முடியாது" என்று சொன்னால் அது மறுப்பு அல்ல, முகவரி மாற்றிச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சர்வேயர், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) அறிக்கைகள் மேலே போகவேண்டும். கிராமக் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் ஜமாபந்தியில் மனு கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும், அது நல்லது. ஆனால் ஜமாபந்தியிலேயே முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். டி.ஆர்.ஓ. மறுத்தால் சிவில் கோர்ட் இருக்கிறது. அரசுமீது வழக்குப் போடுவதால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் பொறுக்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய பதிவேட்டில் நிலம் பஞ்சமி நிலம் என்று வந்தால் இதெல்லாம் பொருந்தாது. 1892 அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுத்த நிலம் அது. முதல் பத்தாண்டு விற்கவே கூடாது, அதற்குப் பிறகும் அதே மக்களுக்கு மட்டும்தான் விற்கலாம். அதைத் தாத்தா வாங்கியிருந்தால், மூல உடைமையாளரின் வாரிசுகள் என்று சட்டம் பார்ப்பது உங்களை அல்ல, அவர்களை. அவர்கள் கேட்டால் கொடுக்கவேண்டியதுதான். கோயில் நிலம் என்று வந்தால் அது அரசு நிலமே அல்ல, அறநிலையத் துறை வழி தனி.

பாகூருக்கு வருவோம். கடலூரிலிருந்து பெண்ணையாற்றைத் தாண்டினால் நாலு கிலோமீட்டருக்கு ஒருமுறை மாநிலம் மாறும் பகுதி, ஆனால் நிலச் சட்டத்தைப் பொறுத்தவரை வேறு உலகம். 48-பி தமிழ்நாட்டுத் திருத்தம், புதுச்சேரியில் அது எப்போதுமே இல்லை. சேதராப்பட்டு, கரசூர்ப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று எடுத்த நிலம் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தபோது, கொடுத்தவர்கள் திரும்பக் கேட்டும் சட்டத்தில் பிடி கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். யு.டி.ஆரும் அங்கே இல்லை, அவர்கள் தனியாக நில அளவையும் செட்டில்மெண்டும் செய்தார்கள். பத்திரத்தில் ஆர்.எஸ். எண்ணோடு (மறு அளவை எண்) பிரெஞ்சுக் கால நில அளவையின் கதாஸ்தர் எண்ணும் இருக்கும், அளவு குழிக் கணக்கில் இருக்கும், பிரெஞ்சுக் காலத்துப் பத்திரம் என்றால் நொத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் அலுவலர்) எழுதியதாக இருக்கும். "நிலமகள்" இணையதளத்தில் இன்றைய பதிவைப் பார்த்துவிட்டு, பழையதற்கு நில அளவைத் துறையை அணுகுங்கள்.

உங்கள் துண்டில் நோட்டீஸ் இல்லை, அவார்டு இல்லை, ரோடு மட்டும் இருக்கிறது. இதில் உங்களுக்குச் சாதகமான தீர்ப்பு இமாச்சலத்திலிருந்து வந்தது. 1967–68இல் நில எடுப்பு நடவடிக்கையே இல்லாமல் ஒரு விதவையின் நிலத்தில் அரசு ரோடு போட்டது. நாற்பது ஆண்டுக்கு மேல் அனுபவித்துவிட்டோம், அனுபவ பாத்தியம், அதாவது நெடுநாள் அனுபவித்ததால் வரும் உரிமை, எங்களுக்கு என்று அரசு வாதாடியது. தன் குடிமக்களின் நிலத்துக்கே அரசு அனுபவ பாத்தியம் கேட்க முடியாது என்று 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லி, இழப்பீடு தர உத்தரவிட்டது. சொத்துரிமை இன்று அடிப்படை உரிமை அல்ல என்றாலும் 300-ஏ பிரிவின்படி அரசமைப்பு உரிமை. சட்டத்தின் வழியாக அல்லாமல் ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது. ரோட்டைப் பெயர்த்துத் தரச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது, ஆனால் இழப்பீடு கேட்கலாம். பாட்டி தானமாக எழுதிக் கொடுத்தாரா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஊருக்கு வழி விட்டு எழுதிக் கொடுத்தவர்கள் நிறைய.

வாரிசுகள் விஷயத்தில்தான் பெரும்பாலான மனுக்கள் உள்ளேயிருந்து உடைகின்றன. ஆண் பிள்ளைகள் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். தாத்தா தானே சம்பாதித்த நிலம் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956க்குப் பிறகு அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், மகள்களுக்கும் சம பங்கு அன்றே வந்துவிட்டது. பூர்விகச் சொத்து என்றால் தமிழ்நாட்டின் 1989 திருத்தம், நாடு முழுமைக்குமான 2005 திருத்தம், 2005 திருத்தம் வந்த அன்று தந்தை உயிரோடு இருந்திருக்கவேண்டிய அவசியமில்லை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2020 ஆகஸ்ட் 11 தீர்ப்பு ஆகிய மூன்றையும் வைத்துப் பங்கைக் கணக்கிடவேண்டும். உங்கள் அத்தைகளை விட்டுவிட்டு மனு போட்டால், டி.ஆர்.ஓ. விசாரணை நாளன்று அவர்கள் பிள்ளைகள் ஒரு ஆட்சேபணையோடு வந்து நிற்பார்கள், கோப்பு அங்கேயே மூடும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று உறவைக் காட்டும், பங்கைத் தீர்மானிக்காது.

தரகர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். முதல் துண்டைக் காட்டி "பொதுப் பவர் எழுதிக் கொடுங்கள், பாதிக்குப் பாதி, மேலிடத்தில் பேசி மீட்டுத் தருகிறோம்" என்று வருவார்கள். 4(1) அறிவிக்கை வந்த பிறகு நிலத்தை வாங்கியவருக்கு அரசுக்கு எதிராக உரிமை எதுவும் வராது, அதிகம் போனால் இழப்பீட்டைக் கேட்கலாம் என்று 2012இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது தெரிந்தும் பவரை வைத்து மனை பிரித்து அப்பாவிகளுக்கு விற்றுவிட்டு ஓடியவர்கள் உண்டு. வழக்கு வரும்போது பத்திரத்தில் முதன்மையாளராக நிற்பது உங்கள் பெயர்.

பிரான்சில் இருப்பவர் பங்குக்கு இரண்டு செய்தி. அவர் குடும்பம் "ரெனோன்சான்" வழியில், அதாவது பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் சொந்த மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் வழியில், வந்ததா என்று பாருங்கள். புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்படிதான் அவர்கள் பங்கு பிரியும். பாட்டி வழி நிலம் என்பதால் பாகூர்த் துண்டின் பங்குக் கணக்கே இதனால் மாறக்கூடும். இரண்டாவது, அவர் நேரில் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பலாம். பவரில் சர்வே எண்ணையும் "பதிவேட்டுத் திருத்தம், இழப்பீடு கோருதல்" என்ற காரியத்தையும் மட்டும் எழுதச் சொல்லுங்கள், விற்கும் அதிகாரம் வேண்டாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்த வேண்டும். எனவே எஸ்.எல்.ஆர். நகல் கைக்கு வந்த பிறகு எழுதச் சொல்லி அனுப்புங்கள்.